சூடில்லை, பயமில்லை

வேகம் கூட்ட வேண்டும் என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். பிராசஸரை அதன் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது அவர் பிழைப்பு. மனிதரோ நடந்தால்கூட நிற்பது போலிருக்கும். பக்கத்துச் செல்போன் கடைக்காரர் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார். தெருவில் அதுவே நிலைத்துவிட்டது.

வேகம் கூட்டுகிற வேலையில் அவசரமே ஆகாது என்பது எக்ஸ்பிரஸின் கட்சி. ஒரு படி ஏற்றுவார். பிராசஸருக்கு மூச்சு முட்ட வேலை கொடுத்து வெப்பத்தைப் பார்ப்பார். பிறகுதான் அடுத்த படி. வேகம் கூடினால் வோல்டேஜும் சற்றுக் கூட்டித் தர வேண்டும். வோல்டேஜ் கூடினால் சூடு ஏறும், சூடு மிஞ்சினால் பிராசஸர் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வோல்டேஜ் விஷயத்தில் அவரைப் போல ஒரு கஞ்சனைப் பார்க்க முடியாது. எல்லாம் முடிந்த பின்னும் ஒரு நாள் முழுக்கச் சோதனையில் ஓடவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். வாடிக்கையாளர் தலைகீழாக நின்றாலும் முன்னதாகக் கிடைக்காது. கொடுக்கும்போது பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, "சூடில்ல, பயமில்ல. எடுத்துட்டுப் போங்க" என்பார்.

அந்தப் புறங்கைக்கு வீட்டிலும் ஓய்வில்லை. டீ டம்ளர், சுவிட்சு போர்டு, மனைவியின் நெற்றி என்று எதையும் விடுவதில்லை. "ஒரு நாளைக்கு என் தலையிலயும் ஒரு ஃபேன மாட்டிவிடப் போறாரு" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரித்தால் ஏழூருக்குக் கேட்கும். ஒரு மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுவது அவள் வேலை. மைக் கொடுத்தார்கள், அது அலமாரியில் தூங்கியது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். சாப்பாட்டுக்கு அவள் மூன்று தரம் கூப்பிட்டாக வேண்டும். முதல் தரம், "என்னங்க, சாப்பிட வாங்க." அவர், "இதோ வரேன்" என்பார், அசைய மாட்டார். இரண்டாம் தரம் வெறும் "என்னங்க!" மூன்றாம் தரம் தெருவே நிமிர்ந்து பார்க்கும்: "வர்றீங்களா, இல்ல அந்தப் பொட்டிக்குள்ளயே கொண்டுவந்து கொட்டட்டுமா?" அதற்குப் பிறகுதான் எக்ஸ்பிரஸ் கிளம்பும்.

அந்தக் குரல் ஒரு நாள் கரகரத்தது. கரகரப்பு வாரக்கணக்கில் போகவில்லை. அவர் நெற்றியில் புறங்கையை வைத்தார், கழுத்தில் வைத்தார். "சூடில்ல. கத்திக் கத்தித் தொண்ட கட்டியிருக்கு, வெந்நீர் குடி" என்றார். அவளும் நம்பினாள். வேலை செய்வது மருத்துவமனையில். அங்கேயே ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்து காட்ட மாதக்கணக்கானது. காட்டியபோது புற்றுநோய், குரல்வளையையே எடுத்தாக வேண்டிய நிலை. "உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா குரல் திரும்பாது" என்றார் டாக்டர்.

அங்கே பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு வழி சொன்னார். அவளைப் பேசவைத்துப் பதிவு செய்தால், அதே குரலில் பேசும்படி கணினியைப் பழக்கலாம். பிற்பாடு அவள் தட்டச்சு செய்வதை அது அவள் குரலிலேயே சொல்லும். "ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு தடவ கேட்டுப் பாத்துடுங்க. ஏதாவது சரியில்லன்னா, திரும்பப் பேச அப்ப மட்டும்தான் முடியும்."

படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வியர்வை வழிய அவள் பேசினாள். கொடுத்த வாக்கியங்கள் தீர்ந்ததும் டோக்கன் எண்களைக் கூப்பிட்டாள், அவரைத் திட்டினாள், சாப்பிடக் கூப்பிட்டாள். கரகரப்பு இருந்தாலும் அது அவள்தான்.

வீட்டுக் கணினி பழையது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் வேலை முடியும் போலிருந்தது. ஊருக்கெல்லாம் வேகம் கூட்டியவர் வீட்டுப் பெட்டியைத் தொட்டதே இல்லை. இப்போது தொட்டார். பிராசஸர் மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினார், அதைக் குளிர்விக்கப் பெரிய கூலர் மாட்டினார், படிப்படியாக ஏற்றினார். எந்தப் பெட்டி கெட்டாலும் இது கெடக்கூடாது என்று வோல்டேஜை வழக்கத்தைவிடவும் குறைவாகவே கொடுத்தார். ஒரு நாள் சோதனைக்கு நேரமில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் ஓடவிட்டார். நிற்கவில்லை, தடுமாறவில்லை. புறங்கையை வைத்தார்.

"சூடில்லயா?" என்றாள் அவள்.

"சூடில்ல. பயமில்ல."

பதிவுகளைக் கணினி பழகுகிற வடிவுக்கு மாற்றி வைத்ததும், வேலையைத் தொடங்க டிஸ்கில் இடம் போதவில்லை. மூலப் பதிவுகளை எல்லாம் சுருக்கி ஒரே கட்டாக்கி, இரண்டு வெளி டிஸ்குகளில் பிரதி எடுத்து வைத்தார். பிரதி இல்லாத மனிதர்களைத் திட்டுவதே தொழிலாக வைத்திருந்தவர் அல்லவா! ஆனால் அந்தக் கட்டைத் திறந்து பார்க்காமலே மூலப் பதிவுகளை அழித்தார்.

வேலை பாதியில் இருக்கும்போதே மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஆபரேஷனை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள், உடனே வந்து சேரச் சொன்னார்கள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் பையை எடுத்து வைத்தாள். "வந்து கேட்டுக்கலாம், விடுங்க" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வாங்க, நேரமாச்சு" என்றாள். வீட்டில் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

திரும்பி வந்தபோது கணினி ஓடி முடித்து அமைதியாக இருந்தது. பெட்டி சில்லென்று இருந்தது. அவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சாப்பிட வாங்க" என்று தட்டச்சு செய்து ஓடவிட்டார். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு இரைச்சல் வந்தது. மறுபடி ஓடவிட்டார், மறுபடியும் இரைச்சல். வெளி டிஸ்கை மாட்டிக் கட்டைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. இரண்டாவது டிஸ்கிலும் அதே கட்டுதான்.

அவருக்குப் புரிந்துவிட்டது. சூட்டுக்குப் பயந்து கொடுத்த வோல்டேஜ் அந்த வேகத்துக்குப் போதவில்லை. பிராசஸர் அப்போதே நின்றிருந்தால் பிழைத்திருக்கலாம். அது நிற்கவில்லை. எங்கோ ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுத்ததற்குப் போயிருக்கிறது, திரும்பத் திரும்ப. பெட்டி மட்டும் கடைசிவரை சூடாகவே இல்லை. அவள் கழுத்தும் அப்படித்தான் இருந்தது.

மென்று முழுங்காமல் சொன்னார். "நான்தான் கெடுத்துட்டேன். ரெண்டையும் நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் அழுதாள். வாய் திறந்திருந்தது, தோள் குலுங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை. வாழ்நாளில் அதைப் போல ஒன்றை அவர் பார்த்ததில்லை. ஓங்கி இரண்டு வார்த்தை திட்டமாட்டாளா என்று இருந்தது அவருக்கு. அன்றும் மறுநாளும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போனைத் துழாவினார். யார் வீட்டு விசேஷத்திலோ எடுத்த வீடியோவில், கூட்ட இரைச்சலுக்கு நடுவே, "தள்ளுங்க, மறைக்குது" என்று ஒரு குரல். கணினியைப் பழக்க அது போதாது. அவர் மட்டும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டார்.

பிறகொரு மத்தியானம் வீட்டுக் கணினியைக் கடையில் வைத்துப் பழைய வேகத்துக்கே இறக்கினார். அது ஊர்ந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. கரண்டியால் தட்டில் ஒரு தட்டு.

எக்ஸ்பிரஸ் அந்த நிமிடமே எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது, எடுத்து நிறுத்தவில்லை. சமையலறை வாசலுக்குப் போய் நின்றார். அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவர் வந்தது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டாவது தரம் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மூன்றாவதையும் ஓங்கித் தட்டினாள், தட்டு அதிரும்படி.

அவள் கூப்பிட்டு முடிக்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார். அப்புறம், "இதோ வந்துட்டேன்" என்றார்.