லுத்ஃபியின் பெயரில் ஒலித்த குரல்

பக்கோஸ் டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் லுத்ஃபியை, அலெக்சாந்திரியாவில் நாற்பதை ஒட்டிய ஆண்கள் பலருக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் அவன் குரல் தெரியும். அப்படித்தான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வதீ, என் மின்சாமான் கடை அவன் கடைக்கு அடுத்தது. அந்தக் குரல் அவனுடையதல்ல என்று தெரிந்தவர்களில் நானும் ஒருவன். நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் நடந்தது. எந்த நிறுவனம் செய்த பெட்டியாக இருந்தாலும் அட்டாரி என்று சொல்கிற ஊர் எங்களுடையது. மணிக்கணக்குக்கு ஆட விடும் கடைகள் தெருவுக்கு நாலு இருந்தன. எல்லாவற்றிலும் ஓடியது ஒரே கால்பந்து ஆட்டம். அதில் வர்ணனை ஜப்பானிய மொழியில் வரும். யாருக்கும் ஒரு சொல் புரியாது. அதைக் கழற்றிவிட்டு நம் பேச்சைப் போட்டால் என்ன என்று லுத்ஃபிக்குத் தோன்றியது. கணினி வேலையில் அவன் கெட்டிக்காரன். பத்து நாளில் ஒலித்துண்டுகளையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டான். ஆனால் பேச ஆள் வேண்டுமே. அவனே பேசிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு வாசிப்பதுபோல மூக்கால் வந்தது. நான் பேசியது அதைவிட மோசம்.

அவனுடைய அக்கா இன்ஷிராஹ் வீட்டுக்குள் வானொலி வர்ணனையாளர்களைப் போலப் பேசிக் காட்டுவாள். அடுப்பில் கீரை பொங்கி வருவதைக்கூட கோப்பை இறுதிப் போட்டியாகச் சொல்லுவாள். அவர்கள் அப்பா துறைமுகத்துக்குப் போயிருந்த மூன்று மதியங்களில் அவள் பேசினாள். எதிரொலி வராமலிருக்க அலமாரிக் கதவுகளைத் திறந்து போர்வைகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்திருந்தோம். ஒரு போர்வை நழுவிக்கொண்டே இருந்ததால் நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களுடைய அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதையும் எழுதி வைத்துக்கொண்டு அவள் பேசவில்லை. பந்து வலைக்குள் போனால், "உள்ள போய்ப் படு கண்ணு, வீடு வந்திருச்சு" என்றாள். கோல் காவலர் கோட்டைவிட்டால், "கோல்கீப்பர் ரொட்டி வாங்கப் போயிருக்காரு, வரிசை நீளம்" என்றாள். நான் சிரித்ததில் இரண்டு பதிவுகள் கெட்டன. பிறகு லுத்ஃபி அந்தக் குரலைக் கணினியில் கொஞ்சம் இறக்கினான். நடுத்தர வயது ஆண் ஒருவர், கொஞ்சம் தொண்டை கட்டியவர், பேசுவதுபோல ஆகிவிட்டது.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என் பேரு வரக்கூடாது. ஆட்டக் கடையில நம்ம பொண்ணு சத்தம் கேக்குதுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா, நான் வேலைக்குப் போறதே நின்னுரும்."

அந்த வட்டு கைமாறிக் கைமாறித் தந்தா, அஸ்வான், கடைசியில் லிபியாவரைக்கும் போனது. யார் பேசியது என்று கடைக்கு வந்து கேட்டார்கள். முதலில் லுத்ஃபி சிரித்து மழுப்பினான். அடுத்த வருஷம் கேட்டவர்களிடம் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினான். அதற்கு அடுத்த வருஷம், நான்தான் என்று சொல்லிவிட்டான். நான் அப்போது பக்கத்தில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் அவர்கள் அப்பா இறந்தார். நாற்பதாம் நாள் கழிந்ததும், இனிமேல் சொல்லலாம் இல்லையா என்று இன்ஷிராஹ் கேட்டாளாம். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்றானாம் இவன். அதுவும் பொய்யில்லை. புதிய ஆட்டங்கள் வந்துவிட்டன, அவற்றிலேயே பெயர்பெற்ற வர்ணனையாளர்கள் அரபியில் பேசினார்கள். அவள் மறுபடி கேட்கவில்லை. கல்யாணமானது, ஒரு மகள் பிறந்தாள், கணவர் இறந்தார். கண் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள்.

போன வருஷம் பசந்த் என்ற பெண் லுத்ஃபியைத் தேடி வந்தாள். இருபத்தாறு வயசு. ஊரின் ஸ்மூஹா பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை நண்பர்களோடு வாடகைக்கு எடுத்து, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளையும் பழைய பெட்டிகளையும் அடுக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அங்கே கூட்டம். ஒரு பெட்டி பழுதானதால் என்னையும் கூட்டிக்கொண்டு லுத்ஃபி போனான். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாலு நாட்டுக்காரர்களோடு இணையத்தில் சுட்டு விளையாடுகிறவர்கள். பழைய ஆட்டத்தில் வீரர்கள் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறார்கள், ஓடவே மாட்டேன் என்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். அரைமணியில் பாதிப்பேர் கைபேசிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தக் கால்பந்து வட்டைப் போட்டதும் நிலைமை மாறியது. ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, குரலைக் கேட்பதற்காக வேண்டுமென்றே கோல் விட்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் அறையே, வீடு வந்திருச்சு என்று சேர்ந்து கத்தியது.

பசந்த்தின் திட்டம் இதுதான். அந்த வர்ணனையை இன்றைய பெட்டிகளில் ஓடும் ஆட்டத்துக்குள் பொருத்த வேண்டும். அதற்கு இன்றைய வீரர்களின் பெயர்களை அதே குரல் சொல்ல வேண்டும். நூற்றுச் சொச்சம் பெயர்கள். "உங்களால ரெண்டு நாள்ல முடியும் மாமா, உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு" என்றாள்.

லுத்ஃபி அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொண்டை சரியில்லை, கொஞ்சம் ஆறட்டும் என்றான். திரும்பி வரும்போது டிராமில் அவன் பெயர்ப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தான். அவள் எதற்கு என்றுகூடச் சரியாகக் கேட்காமல் உட்கார்ந்து, மகள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில் எல்லாப் பெயரையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் ஏறி, கேட்காத வசனங்களையும் சேர்த்தாளாம். முடிந்ததும், "இந்தத் தடவ என் பேரைப் போட்டுருவே இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தான். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்று பிறகு என்னிடம் மூன்று தடவை சொன்னான், அந்தச் சொல்லில் ஒளிந்துகொள்ள இடமிருப்பதுபோல. குரலை முன்புபோலவே இறக்கி, பசந்த்திடம் கொடுத்தான்.

வெளியீட்டு விழாவை ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வைத்தார்கள். சுவரொட்டியில் லுத்ஃபியின் படம். அக்காவிடம் அவன் தேதியைச் சொல்லவே இல்லை. நாங்கள் போனபோது நாற்காலி போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லுத்ஃபியை முன்னால் உட்காரவைத்து, பசந்த் அவனைப் பற்றிப் பேசினாள். சின்ன வயதில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் குரலைக் கேட்டுத்தான் விளையாட ஆரம்பித்தேன் என்றாள். பிறகு யாரோ வீடு வந்திருச்சு வசனத்தை நேரில் ஒரு தடவை சொல்லும்படி கேட்டார்கள். ஒலிவாங்கி அவன் கைக்கு வந்தது.

சொன்னான். அதே வாக்கியம்தான். அதே மூக்குக் குரலில் வெளியே வந்தது.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். வயசாகிவிட்டது பாவம் என்று என் பின்னால் ஒரு பையன் சொன்னான். அவர்கள் சிரித்திருந்தால் லுத்ஃபிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்போதுதான் கதவோரமாக இன்ஷிராஹ் நிற்பதைப் பார்த்தேன். மகள் கைபேசியில் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறாள். இன்ஷிராஹ் விழாவுக்கென்று நல்ல நீலத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். லுத்ஃபியும் பார்த்தான். ஒலிவாங்கி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அவன் அதைப் பசந்த்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர்கள் நீட்டிய கண்ணாடிச் சட்டமிட்ட பாராட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டான்.

இன்ஷிராஹ் வெளியேறியதும் நான் அவள் பின்னாலேயே தெருவுக்கு ஓடினேன். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அவன் சொல்லலாம்னுதான் இருந்தான்."

"வதீ, நீ வீட்டுக்குப் போ" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் லுத்ஃபி கடையைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அந்தச் சட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, என்னோடு வா என்றான். பசந்த் தனியாக இருந்தாள். அவன் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவுக்குப் பயந்த அக்கா, மூன்று மதியங்கள், இறக்கிய குரல், போன மாதம் வாங்கிய நூற்றுச் சொச்சம் பெயர்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த மட்டுக்கும் அதைச் சொல்ல வேண்டும்.

பசந்த் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சட்டத்தை வாங்கிச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தாள்.

"நாங்க ஆன்லைன்ல ஆடும்போது மைக்க அணைச்சு வச்சிருப்போம் மாமா. ஏன்னு தெரியுமா?" என்றாள். "பொம்பளச் சத்தம் கேட்டா போதும், கெட்ட கெட்ட வார்த்தையா வரும். பத்து வருஷமா வாயத் தொறக்காம ஆடிக்கிட்டிருக்கேன். நான் மொத மொத கேட்ட குரலே ஒரு பொண்ணோடதுன்னு தெரிஞ்சிருந்தா..." எங்களைப் போகச் சொன்னாள்.

லுத்ஃபி சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான்.

பசந்த் தானே மருத்துவமனைக்குப் போய், சீட்டு வரிசையில் நின்று இன்ஷிராஹைச் சந்தித்தாள். இரண்டு வாரம் கழித்து வர்ணனை மறுபடி வெளிவந்தது. இம்முறை குரலை இறக்கவில்லை, அவள் பெயரும் இருந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள் என்று சொல்ல ஆசைதான். பழையதே வேண்டும், இது ஒட்டவில்லை என்று நிறையப்பேர் எழுதினார்கள், சிலர் அசிங்கமாகவும் எழுதினார்கள். இன்ஷிராஹ் அவற்றைப் படித்துவிட்டு, இவர்களைவிட மருத்துவமனை வரிசையில் நிற்கிறவர்கள் நன்றாகத் திட்டுவார்கள் என்றாளாம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய், பிள்ளைகள் ஆடும்போது நேரிலேயே பேசுகிறாள். பசந்த்தின் தோழிகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள்.

லுத்ஃபியைப் பார்த்தால் பேசுகிறாள், உடம்பு எப்படி, மருந்து சாப்பிட்டாயா என்கிற மாதிரி. பெருநாளுக்கு மாவுருண்டை அனுப்பினாள். வீட்டுக்கு மட்டும் கூப்பிடவில்லை. கடைக்கு வந்து பழைய நினைவில் அவனைப் பாராட்டுகிறவர்களிடம், நான் இல்லை, என் அக்கா என்று வேலையை நிறுத்திவிட்டுச் சொல்கிறான். அவர்களுக்கு அது முக்கியமாகப் படுவதில்லை. சரி சரி என்று கேட்டுக்கொண்டு, பெட்டி எப்போது கிடைக்கும் என்கிறார்கள்.

போன வாரம் அவள் என் கடையில் மின்கம்பி வாங்கினாள். நீ ஏன் இத்தனை வருஷம் சும்மா இருந்தாய் என்று கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு அளந்தேன். அவள் இரண்டு மீட்டர் போதும் என்று மட்டும் சொன்னாள்.