நூலகச் சுவரில் வெறுங்கால்

நம்பாதவர்கள் கோவில்பட்டிக்குப் போய் இசக்கிசெல்வியிடமே கேட்டுக்கொள்ளலாம். சுவரில் படம் வரைவது அவள் தொழில். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்தான். போன சித்திரையில் பசுவந்தனைப் பக்கத்துக் கிராமத்தில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

உரிமைக்காகப் போராடிய உள்ளூர்க்காரர்கள் நான்கு பேரை நூலகச் சுவரில் வரைய வேண்டும். அதில் ஒருத்தி முத்துமாரியம்மாள். கீழத்தெரு ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன மேலத்தெருவில், முதன்முதலில் செருப்புக் காலோடு நடந்தவள். இறந்து இருபது வருஷம் ஆகிறது. ஆனால் படத்தில் செருப்பு வேண்டாம் என்றார் நூலகக் கமிட்டித் தலைவர் மாயகிருஷ்ணன். ஊர் அமைதி கெட்டுவிடுமாம். செருப்போடு நடந்தவளைக் கொண்டாடுவார்களாம், செருப்பு மட்டும் ஆகாதாம். என்ன நியாயம் இது? இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு வெறுங்காலாகவே வரைந்தாள். அதற்காகத் தன் மேலும் அவளுக்குக் கோபம்தான்.

மறுநாள் பகல் 12.40. பாதங்களில் மட்டும் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி பூசினாள். அடுத்த நாளும் அதே நேரம்... அதே கொப்புளம். வடக்குப் பார்த்த சுவர், வெயிலே படாது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

மூன்றாம் நாள் காத்திருந்தாள். 12.38. தெருவில் ஈ காக்கை இல்லை.

ஸ்ஸ்ஸ்... தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். கண்ணெதிரே பாதம் பொங்கியது. ஒரு கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. பெயிண்ட் இல்லை... வெறும் நீர்.

காதோரம் யாரோ நறநறவென்று பல்லைக் கடித்தார்கள்.

அழுகை இல்லை. ஆத்திரம்.

அவள் ஓடவில்லை. பிரஷ்ஷை எடுத்தாள். பாதங்களுக்குச் செருப்பு வரைந்தாள்.

சத்தம் நின்றது.

தகவல் தெரிந்து மாயகிருஷ்ணன் வந்தார். "யாரைக் கேட்டு வரைஞ்ச? அழிச்சிரு."

"நீங்களே அழிங்க அண்ணாச்சி. நான் அந்தக் கால்ல கை வைக்க மாட்டேன்."

அவர் குனிந்தார். சுவரில் இன்னும் நீர் வடிந்துகொண்டிருந்தது. முகம் வெளுத்துப்போய், தொடாமலே திரும்பிவிட்டார்.

சாயங்காலம் முத்துமாரியம்மாளின் மகள் காளீஸ்வரி படத்தைப் பார்க்க வந்தாள். நடந்ததைக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செருப்புப் போட்டு நடந்த மறுநாள், உச்சி வெயில்ல தகரத்தை விரிச்சு, எங்கம்மாவை அது மேல வெறுங்கால்ல நிக்க வச்சாவ. உள்ளங்கால் வெந்துபோச்சு. வெளிய சொன்னா வீட்டைக் கொளுத்திருவோம்னு மிரட்டுனாவ. சாவுற வரைக்கும் அவ அந்தக் காலை யாருக்கும் காட்டல."

யார் என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

"தகரத்தை விரிச்சது மாயகிருஷ்ணன் அப்பா. அவ இறங்கி ஓடாம பிடிச்சுக்கிட்டது... மாயகிருஷ்ணன்."