நல்ல மனுசனுக்கு ஒரு வாக்கு

ஸ்ரீபனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர்தான் வெள்ளைக்காரர். உணவகச் சமையலறையில் அவனோடு சட்டி கழுவியவர்கள், தேவாலயத்தின் பங்குச் சபைக்காரர்கள் என்று மற்ற எல்லோரும் தமிழர். அந்த ஒருவர் டொக்டர் பெல்லாவியா, பலெர்மோ நகரத்து ஒரேத்தோப் பகுதியின் குடும்ப வைத்தியர். கோவிலின் பின்வரிசையில் நின்றிருந்த மனுசன் பெட்டியைத் தூக்கும் நேரத்தில் கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். ஸ்ரீபனின் மனைவி அகஸ்ரீனா அதைக் கண்ணீருக்கூடாகப் பார்த்தாள். அதன்பிறகு அவரைப்பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

நோய் முற்றிய கடைசி மாதங்களில் மின்தூக்கி இல்லாத அந்தப் பழைய கட்டடத்தின் நாலாம் மாடிக்கு அவர் மூச்சு வாங்க வாங்க ஏறி வருவார். கட்டிலின் ஓரத்திலேயே இருந்துகொண்டு ஸ்ரீபனின் கையைப் பிடித்து, பலெர்மோவின் உதைபந்தாட்டக் கழகம் தோற்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். மருந்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் வந்தார்.

அகஸ்ரீனா மன்னார் பேசாலையைச் சேர்ந்தவள். பலெர்மோவுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. புருஷன் போனபின் ஒரேத்தோ வீட்டை விட்டுவிட்டு, லிபெர்த்தாப் பகுதியில் தான் பார்த்துவந்த, சின்யோரா என்று அவள் அழைக்கும் வயதான அம்மாவின் வீட்டிலேயே, சமையலறைக்குப் பக்கத்து அறையில் தங்கிக்கொண்டாள். கட்டிலும் அலுமாரியும் வைத்தால் நிறைந்துவிடும் அறை. சின்யோராவின் மகள் நல்லவள்தான், ஆனால் வேறு ஆட்கள் வந்து தங்குவது அவளுக்குப் பிடிக்காது என்பதை முதல்நாளே சொல்லியிருந்தாள்.

அதே கட்டடத்தின் மேல்மாடியில் துஷாந்தி வேலை செய்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், அகஸ்ரீனாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், கலியாணம் கட்டாதவள். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போகும்போது பழக்கமானார்கள். ஒருத்தி வேதம், அதாவது கத்தோலிக்கம்; மற்றவள் சைவம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் துஷாந்தி மச்சம் சாப்பிடமாட்டாள் என்பதை நினைவில் வைத்து அகஸ்ரீனா கத்தரிக்காய்க் குழம்பு வைப்பாள். தவக்காலத்தில் அகஸ்ரீனாவுக்காகத் துஷாந்தியும் இறைச்சியைத் தொடமாட்டாள். ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு பேரும் கடற்கரைப் புல்வெளியில் இருந்து, கதைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

துஷாந்தி பார்த்துவந்த கிழவி ஒரு மாசிமாதம் செத்துப்போனாள். பிள்ளைகள் வீட்டை விற்கப் போகிறோம் என்றார்கள். வேலையும் படுக்கையும் விலாசமும் ஒரே கிழமையில் போயின. முதியவர்களோடு தங்கி வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் என்றோ ஒருநாள் வருவதுதான் இது. விலாசம் இல்லாவிட்டால் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க முடியாது. நல்லகாலமாகப் பழைய நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு வீடு இருந்தது. மாநகரசபைக்குச் சொந்தமான பழைய கட்டடம். இப்படி நடுத்தெருவில் நிற்கும் பெண்கள் அடுத்த வேலை கிடைக்கும்வரை தங்குவதற்கு அதை ஒரு சிறிய சங்கம் நடத்திவந்தது. படுக்கையோடு விலாசமும் கிடைக்கும். துஷாந்தி அங்கே போனாள்.

அந்த வருஷம்தான் டொக்டர் பெல்லாவியா அரசியலுக்கு வந்தார்.

மேயர் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று அவருடைய கூட்டணிக்குள் இழுபறி. அதைத் தீர்க்க முதலில் தங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். நகரத்தில் வசிக்கிற, பெர்மெசோ உள்ள வெளிநாட்டவரும் அதில் வாக்குப் போடலாம் என்று அறிவித்தார்கள். பிறகு வரும் உண்மையான தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அது குடியுரிமை உள்ளவர்களுக்கு. அகஸ்ரீனாவுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவளுடைய பெயர் எந்த வாக்காளர் இடாப்பிலும் நிலைத்து நின்றதில்லை. ஐம்பது வயது கடந்து, அவள் வாழ்க்கையில் போடப்போகும் முதல் வாக்கு இது.

போட்டியிட்ட மற்றவர் திரேசா மாங்கனாரோ, பள்ளிக்கூட அதிபர். இரண்டு பேரும் தமிழர்களைச் சந்திக்கக் கோவில் மண்டபத்துக்கு வந்தார்கள். மாங்கனாரோ சொன்ன நேரத்துக்கு வந்து, நின்றபடியே பேசினார். பேருந்துகளைப்பற்றிச் சொன்னார். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டைப்பற்றிச் சொன்னார். கால்சா வீட்டை மூடவேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள், நான் மூடவிடமாட்டேன், வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன் என்றார். தேநீர் கொண்டுபோனபோது வேண்டாமென்று கையால் காட்டினார். அந்த வீட்டில் இருக்கிற ஆள் என்று யாரோ துஷாந்தியை முன்னால் தள்ளிவிட, அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார். துஷாந்தி திக்கித் திக்கிப் பதில் சொன்னாள்.

"இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், இன்னும் மொழி வரவில்லையா? வகுப்புகள் இலவசமாக நடக்கின்றனவே," என்றார் மாங்கனாரோ. மண்டபம் முழுவதும் கேட்டது. துஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெல்லாவியா பிந்தி வந்தார். வந்ததும் மேசையிலிருந்த மீன் ரோல்ஸை எடுத்துக் கடித்தார். உறைப்பு ஏறி இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றையும் எடுத்தார். பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் போய் முழங்கால் வலி, சீனி வருத்தம், ஊரிலுள்ள தாய்தகப்பன் என்று விசாரித்தார். நகரத்தைப்பற்றி அவர் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். எல்லோரையும் மனுசராக நடத்தும் பலெர்மோ வேண்டும் என்றார். கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் துஷாந்தி கேட்டாள்.

"அக்கா, டொக்டர் எங்கட வீட்டைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை, என்ன?"

"அவர் சொல்லத் தேவையில்லையடி. ஸ்ரீபனைத் தூக்கின தோள் அது. அப்பிடிப்பட்ட மனுசன் பொம்பிளையளை றோட்டில விடுவாரே?"

"இல்லை, அந்த அம்மா எழுதித் தாறன் எண்டு சொன்னவ."

"சொன்னவதான். உன்னைச் சபைக்கு நடுவில வைச்சுப் பேசினவவும் அவதான்."

துஷாந்தி பேருந்துத் தரிப்பை நோக்கி நடந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அகஸ்ரீனா ஓய்ந்திருக்கவில்லை. பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் பெண்களைப் பிடித்துவைத்துக் கதைத்தாள். சைவ ஆட்களின் வீடுகளுக்கும் தொலைபேசி எடுத்தாள். எல்லோரிடமும் அவள் சொன்னது ஒரே கதைதான்: நாலாம் மாடி, உதைபந்தாட்டம், தோள். கேட்டவர்களுக்கும் தங்கள் தங்கள் கதை இருந்தது. ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார். இன்னொருத்தியின் பிரசவத்துக்குப் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். மேயராகி என்ன செய்வார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

வாக்குப் போடும் நாளில் அகஸ்ரீனா சேலை உடுத்து, பெண்களைக் கூட்டிக்கொண்டு, சதுக்கத்தில் போட்டிருந்த வெள்ளைக் கூடாரத்துக்குப் போனாள். கடதாசியை நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். இந்த நாட்டிலே தான் சொன்னதையும் ஒருத்தன் எண்ணிப் பார்க்கப்போகிறான் என்று நினைத்தாள். துஷாந்தி பின்னால் வரிசையில் நின்றாள்.

பெல்லாவியா சொற்ப வாக்குகளால் வென்றார். தமிழர் வாக்கு இல்லாவிட்டால் தோற்றிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் மறைக்கவில்லை; கோவில் வாசலுக்கே வந்து அகஸ்ரீனாவின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார்.

பிறகு பெரிய தேர்தல் வந்தது. அதில் வெல்லுவதற்கு அவருக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பழைய நகரத்தில் கட்டடங்கள் வைத்திருப்பவர்கள் பலர் சேர்ந்திருந்த ஒரு குழு அவரோடு கைகோர்த்தது. அவர் வென்றார். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்து அகஸ்ரீனா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். சின்யோராவுக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள்.

மழைகாலம் தொடங்கியபோது கால்சா வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிவிட்டார்கள். கட்டடம் விருந்தினர் விடுதியாகப் போகிறது, அதை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, மாதம் முடிய எல்லோரும் வெளியேற வேண்டும். துஷாந்திக்கு அதுவரை நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இரண்டு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம் என்று வீடு துடைக்கும் வேலைகள்தான். அவற்றுக்கு ஒப்பந்தம் எழுத யாரும் சம்மதிக்கவில்லை. பெர்மெசோவும் முடியும் தறுவாயில் இருந்தது.

"நான் போய்க் கதைக்கிறன். என்னைக் கண்டா மறுக்கமாட்டார்," என்றாள் அகஸ்ரீனா.

மாநகரசபையில் அவளை நெடுநேரம் காக்க வைத்தார்கள். ஆனால் அவள் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பெல்லாவியா தானே எழுந்து வெளியே வந்தார். கட்டிக்கொண்டார். சின்யோராவின் இரத்த அழுத்தம் எப்படி என்று கேட்டார். "ஸ்ரீபன் இருந்திருந்தால் இந்த வருஷம் சந்தோஷப்பட்டிருப்பான், கழகம் நன்றாக விளையாடுகிறது," என்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அகஸ்ரீனா, நான் தனியாக ஆளவில்லை. என்னோடு வந்தவர்கள் கேட்ட முதல் காரியம் அந்தக் கட்டடம். அதைக் கொடுக்காவிட்டால் நான் இந்த அறையில் இருந்திருக்கமாட்டேன்."

"நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை, டொக்டர்."

"அந்த வீட்டைப்பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லையே. நீங்கள் யாரும் கேட்டதுமில்லை." குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை, சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று அவளால் நினைக்க முடியவில்லை. நோயாளிக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்கிறவரின் முகம் அது. அவளையறியாமல் அவளுடைய கை நீண்டு அவர் கையைத் தடவியது. "பரவாயில்லை டொக்டர், நீங்கள் கவலைப்படாதீர்கள்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படியில் பாதி இறங்கியபிறகுதான் தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது உறைத்தது. துஷாந்திக்காகக் கேட்கப்போனவள் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டாள். யாரோ வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

அடுத்தநாள் மாங்கனாரோவைத் தேடி அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அந்த அம்மா தாழ்வாரத்தில் நின்றபடியே அவளை நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம். ஆளின் பெயர் என்ன? பெர்மெசோ எப்போது முடிகிறது?"

அங்கேயே ஒரு வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்தார். விலாசமும் இல்லாமல் போவதால், தங்குமிடத்தோடு ஒப்பந்தமும் உள்ள வேலை ஒன்று வேண்டும் என்றார் வழக்கறிஞர். மாங்கனாரோ தனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தார். ஒரு குடும்பம் ஓம் என்றது, பிறகு மனம் மாறிவிட்டது. மூன்று தடவை அவரே துஷாந்தியோடு, பெர்மெசோ வழங்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குப் போனார். முடியவில்லை என்று தெரிந்த அன்று அகஸ்ரீனாவை அழைத்து, "பிந்திவிட்டது," என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். அந்த மனுசி செய்த உதவியெல்லாம் தெரிந்தும் அகஸ்ரீனாவுக்கு அப்போதும் அவரைப் பிடிக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது.

பதினேழு வருஷம் பலெர்மோவில் இருந்த துஷாந்தி, தை மாதத்தில் வவுனியாவிலுள்ள தமையன் வீட்டுக்குத் திரும்பினாள். விமான நிலையத்தில் பெட்டியை அனுப்பிவிட்டு இரண்டு பேரும் ஓர் ஓரமாக நின்றார்கள்.

"நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போய்..." என்று தொடங்கிய அகஸ்ரீனாவை அவள் முடிக்கவிடவில்லை.

"நீங்கள் இழுக்காட்டிலும் நான் அவருக்குத்தான் போட்டிருப்பனக்கா."

"அந்த அம்மா எழுதித் தாறன் எண்டு சொன்னவ எண்டு நீதானே சொன்னாய்?"

"ஓம், சொன்னனான்தான். ஆனால் கூடாரத்துக்குள்ள போனவுடன அவ பேசினதுதான் நினைவு வந்தது. அவவின்ர பேருக்கு நேரே கோடு போடக் கை வரேல்லை."

உண்மைதானா, அல்லது தன் மனதை ஆற்றுவதற்காகச் சொல்கிறாளா என்று அகஸ்ரீனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. துஷாந்தி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் வாறன் அக்கா," என்றாள். போறன் என்று சொல்லக்கூடாது என்பதால்தான் வாறன் என்றாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் சின்யோரா செத்துப்போனாள். அறையை விட்டுக்கொடுத்த அகஸ்ரீனா, ஒரேத்தோவில் தெரிந்த குடும்பமொன்றின் விறாந்தையில் சில கிழமைகள் படுத்து, பிறகு இன்னொரு வீட்டில் வேலை தேடிக்கொண்டாள். புது வீட்டில் ஒரு கிழவர். யாரோடும் கதைக்கமாட்டார்.

துஷாந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். தமையன் பெண்சாதியோடு சரிவரவில்லை, தையல் கடையொன்றில் வேலைக்குப் போகிறாள், கால் வீங்குகிறது என்று சொல்வாள். கடைசியாக அழைத்தபோது, எல்லாம் கதைத்து முடித்தபிறகு கேட்டாள்.

"டொக்டர் எப்பிடி இருக்கிறார்?"

"டிவியில பாத்தன். நல்லா மெலிஞ்சு போனார். அவருக்கும் ஏதோ வருத்தமாம்."

"பாவம், என்னக்கா," என்றாள் துஷாந்தி.

அகஸ்ரீனாவும் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தபோது அதையேதான் நினைத்திருந்தாள். "ஓம்," என்று மட்டும் சொன்னாள்.