கண் இல்லாத தட்டுமீன்

டொக், டொக் என்று எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுச் சுவரை நைனா, என் அப்பா, விரல் கணுவால் தட்டுகிற சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டி, 'டங்' என்றால் கெட்டி, 'பொத்' என்றால் பெயர்ந்து விழும் என்று பழகியவருக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது.

நான் ஏழாவது படித்தபோது பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு கடல் பிராணி வரையச் சொன்னார்கள். நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் பேத்தமங்களா ஏரிதான். அதனால் நானே ஒன்றை உண்டாக்கினேன். பல லட்சம் வருடம் கழித்துக் கடல் ஏறிவந்து ஆள் இறங்கும் 'ஷாஃப்ட்' குழி வழியாகச் சுரங்கத்தை நிரப்புகிறது. உள்ளே மாட்டிய மீன் தலைமுறை தலைமுறையாக மாறித் தட்டுமீன் ஆகிறது. நெற்றி எலும்பால் பாறையைத் தட்டித்தான் அது வழி கண்டுபிடிக்கும்.

நைனா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இருட்டுல இன்னாத்துக்குமா இம்மாம் பெரிய கண்ணு? லைட்டு அணைஞ்சா நாங்களே காதாலதான் பாக்குறோம்." கண்ணை அழித்தேன். "இப்ப பொழைச்சுக்கும்" என்றவர், ஷிப்டை மாற்றிக்கொண்டு பார்க்க வருவதாகச் சொன்னார். அதுவரை அவர் என் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை.

பள்ளியில் டீச்சர் படத்தைப் பிடுங்கினார். "கண்ணை மறந்துட்டியேடி, கழுதை!" அங்கே இருட்டு என்றேன். "எதிர்த்துப் பேசாதே" என்று சிவப்பு மையில் இரண்டு கண் போட்டார். இமைமயிர் வேறு! மீனுக்கு!

கண்காட்சியன்று வெள்ளைச் சட்டையில் வந்த நைனா படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "உங்க பொண்ணு கண்ணு வைக்கல, நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றார் டீச்சர். மேஸ்திரியை முகத்துக்கு நேரே திட்டுகிற மனிதர் கைகூப்பி, "ரொம்ப நல்லதுங்க டீச்சர்" என்றார்.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏன் நைனா உண்மையச் சொல்லல?"

"நீ இன்னும் நாலு வருசம் அங்க படிக்கணுமேமா."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. பாறை துளைக்கும் மிஷின் சில வருடங்களில் அவர் காதைத் தின்றுவிட்டது. பிறகு எவ்வளவு கத்திப் பேசியும் பயனில்லை.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கடல் வரவில்லை, ஊற்றுத் தண்ணீரே அடுக்கடுக்காக வெட்டிய எல்லா 'லெவலையும்' நிரப்பிவிட்டது. அங்கே தட்டிப் பார்க்க ஆளில்லை. படமும் இல்லை, நைனாவும் இல்லை. அந்தச் சிவப்புக் கண்ணை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிட, நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒரு வாரம். அப்போது நைனாவுக்குக் காது நன்றாகக் கேட்டது.