முகமூடிக்காரர் பிழைத்தாரா?

எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலின் இளையோர் குழுவில் சேர பக்தி மட்டும் இருந்தால் போதாது, முகமூடிக்காரரையும் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாதுதான். ஆனால் குழுத்தலைவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. உத்தமபாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கடை நேரம் போக மிச்சத்தில் பாதி கோயிலுக்கு, பாதி காமிக்ஸுக்கு என்று வாழ்ந்த மனிதர். கோயில் வளாகத்தை ஒழுங்காகக் கூட்டினால் படிக்க ஒரு புத்தகம் தருவார். பூசை முடிந்து நாற்காலிகளை அடுக்கிவைத்தால் கெட்டி அட்டை போட்ட புத்தகம். எங்கள் கோயில் மாதிரி சுத்தமான கோயிலை நீங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

"கோயில் வேலைன்னு சொல்லிட்டுப் போயி அங்கன பொம்மப் புத்தகமா படிக்கிறீக?" என்று அம்மா கையில் கரண்டியோடு கேட்பார். மாமா கொஞ்சமும் அசராமல், ரெண்டும் ஒரே வேலைதான் அக்கா, நாலு பேருக்கு நல்லது செய்யிறது, என்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் அம்மா எனக்குத்தான் ஒரு குட்டு வைப்பார்.

முகமூடிக்காரர் முதலில் புத்தகத்தில் வந்தவர். பிறகு தமிழ் பேசிக்கொண்டு சினிமாவிலும் வந்தார். இரண்டாம் பாகத்தின் முடிவில் எதிரி தள்ளிவிட, பாலத்திலிருந்து கடலுக்குள் விழுந்துவிட்டார். அத்தோடு படம் முடிந்துவிட்டது, சண்டாளர்கள்! அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்கள் குழுவில் அதே பேச்சுதான். மாமா அவரைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேச மாட்டார். "அவுக சாக மாட்டாக. எத்தன தடவ விழுந்து எந்திரிச்சிருக்காக!" என்று ஊர்ப் பெரியவரைச் சொல்வது போலச் சொல்வார். என் பெரியப்பா மகன் அதற்கு நேர் எதிர்க்கட்சி. ஆளு முடிஞ்சாரு என்று அடித்துச் சொல்வான். அவன் பத்தாவது முடித்திருந்தான், நான் எட்டாவது. அண்ணன் என்ற மரியாதைக்காகத்தான் அவன் சட்டையை நான் கிழிக்காமல் விட்டிருந்தேன்.

எங்கள் பங்குக் கோயிலுக்கு அப்போது வந்திருந்த ஃபாதர் இளவயதுக்காரர். வந்த புதிதில், பிள்ளைகள் இதையெல்லாம் படிக்கலாமா என்று சோதிப்பதற்காக மாமாவிடமிருந்து ஒரு காமிக்ஸ் வாங்கிக்கொண்டு போனார். ஒன்றைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்று அடுத்ததையும் வாங்கினார். அந்தச் சோதனை மாதக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் போனபோது நாங்கள் பயந்துவிட்டோம். அடுத்த புத்தகத்தைக் கேட்கத்தான் கூப்பிட்டார்.

இப்படி இருக்கும்போது மூன்றாம் பாகம் வெளியாகும் தேதி அறிவித்தார்கள். எங்கள் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை! சனிக்கிழமை சப்பரம், ஞாயிறு பெரிய பூசையும், ஊருக்கே சோறு போடும் அசன விருந்தும். தோரணம், ஒலிபெருக்கி, பந்தி, குடிதண்ணீர் எல்லாம் இளையோர் குழுவின் தலையில். தேனிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவதைப் பற்றி நினைக்கவே முடியாது. கூட்டத்தில் மாமா இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். அப்போது ஃபாதர்தான் வழி சொன்னார். திருவிழா முடிந்து திங்கட்கிழமை காலையில் வேன் பிடித்து எல்லோரும் ஒன்றாகப் போவோம், நானும் வருகிறேன். அதுவரைக்கும் யாரும் தனியாகப் படம் பார்க்கக் கூடாது, போனிலும் எதையும் தேடக் கூடாது. நாங்கள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தது. ஃபாதரும் கைதட்டினார். அவர் எங்களைவிடச் சந்தோஷமாக இருந்ததாக எனக்குப் பட்டது.

படம் வெளியான வெள்ளிக்கிழமை, சப்பரத்துக்குக் கட்டும் சீரியல் பல்பு பாதி எரியவில்லை. புதிதாக வாங்கிவர அண்ணனைத் தேனிக்கு அனுப்பினார் மாமா. காலையில் போனவன் பொழுது சாயத்தான் வந்தான். பஸ் கிடைக்கவில்லை என்றான். பல்பை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிட்டது. படுபாவி பார்த்துவிட்டான்!

"ஏ ஆத்தா, ஒன்னே ஒன்னு மட்டும் சொல்றேன்" என்று என்னிடம் வந்தான். நான் காதைப் பொத்திக்கொண்டு வாழைத்தோப்பு வரைக்கும் ஓடினேன். அடுத்த நாள் காலையில் அவன் ராஜ்யம் ஆரம்பித்தது. அவன் கட்ட வேண்டிய தோரணத்தை நான் கட்டினேன். அவன் தூக்க வேண்டிய தண்ணீர்க் குடத்தை நான் தூக்கினேன். அம்மா எனக்கென்று வைத்த அதிரசத்தையும் அவனே தின்றான். மறுத்தால், கடலுக்குள்ள விழுந்தாருல்ல, அங்கன என்ன ஆச்சுன்னா, என்று ஆரம்பிப்பான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். சப்பரம் ஜோடிக்க வாழைமரம் கொண்டுவந்த பக்கத்துத் தோட்டக்காரர், பிள்ளைக்குக் காதுவலியா என்று கேட்டு வெற்றிலைச் சாறு விடச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருடம்! தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அந்த முடிவைத் திரையில் பார்க்கும் முன்னால் இவன் வாயால் கேட்டுவிட்டால் பிறகு திங்கட்கிழமை என்ன இருக்கிறது? வேறு வழி தெரியாமல் அந்தோணியாரிடம் போய் நின்று, இவன் வாயைக் கட்டிப்போடும், இருக்கிறதிலேயே பெரிய மெழுகுவத்தி ஏற்றுகிறேன், என்று நேர்ந்துகொண்டேன்.

அன்று மதியம் திருவிழாவுக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். ஃபாதர் மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்க, நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தோம். அண்ணனைக் கொல்ல நினைத்தேன் என்று நான் சொன்னேன், அபராதமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் கொடுத்தார். கடைசியாகப் போனவன் அண்ணன். போனான், போனான், வெளியே வரவே இல்லை. அப்படி என்ன பாவம் பண்ணினான் என்று வெளியே எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். பெரியம்மாவுக்கு முகமே வெளிறிவிட்டது.

ஒருவழியாக வந்தான். பின்னாலேயே ஃபாதரும் வந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பாவமாகிவிட்டது. யாரோ அவருக்கு வேண்டியவர்கள் இறந்துபோனது போல இருந்தார். தேநீர் கொண்டுபோனதைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடிமரத்தடிக்கு நடந்து போய்விட்டார்.

அதைவிட அதிசயம் அண்ணன். வாயைத் திறக்கவில்லை! நான் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கடல் என்றேன், பாலம் என்றேன். அவன் முறைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான், அதுவும் அவனுடைய குடத்தை அவனே. அந்தோணியார் இவ்வளவு வேகமாக வேலை பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கே ஓடிப்போய் மெழுகுவத்தி ஏற்றினேன்.

அந்த வருடத் திருவிழா மாதிரி இன்னொன்று இல்லை. புது சீரியல் பல்பு மின்ன, வாழையும் திராட்சைக் கொத்தும் கட்டிய சப்பரம் ஊரைச் சுற்றி வந்தது. மறுநாள் பந்தியில் மாமா சாம்பார் வாளியோடு பறந்து பறந்து பரிமாறினார். நான் காதில் பஞ்சு இல்லாமல், யார் என்ன பேசினாலும் பயம் இல்லாமல், ஊர் முழுக்க ஓடித் திரிந்தேன்.

திங்கட்கிழமை தேனியில் ஒரு வரிசை முழுக்க எங்கள் கூட்டம். ஃபாதர் எனக்குப் பக்கத்தில். முகமூடிக்காரர் பிழைத்தாரா இல்லையா என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அந்த இடம் வந்தபோது மாமா இருக்கைமேல் ஏறி நின்று கத்தினார், நான் தொண்டை கிழியக் கத்தினேன், என்னையறியாமல் அழுதேன் என்பதை மட்டும் சொல்கிறேன். சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், ஃபாதர் திரையைப் பார்க்கவே இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், சிரிக்கிறார். அட கடவுளே, இத்தனை புத்தகம் படித்தும் இவருக்குப் படம் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

போன வருடம் அண்ணன் தன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தான். பிரியாணிப் பந்தியில் பழைய கதை வந்தது. அன்றைக்கு எப்படிடா வாயை மூடினாய் என்று கேட்டேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பாவசங்கீர்த்தனத்துல ஒன்னையும் மறைக்கக் கூடாதுன்னு ஞாயித்துக்கிழம வகுப்புல சிஸ்டர் சொல்லிக் குடுத்தாகள்ல? கோயில் வேலைய விட்டுட்டுப் படம் பாத்தேன்னு ஆரம்பிச்சேன். என்ன படம், என்ன நடந்துச்சுன்னு சொல்லலைன்னா மறைச்ச மாதிரி ஆயிருமேன்னு, எழுத்துப் போட்டதுலருந்து கடைசி வரைக்கும் சொல்லிட்டேன். ஃபாதர் நடுவுல போதும்ப்பா, போதும்ப்பான்னாக. அவுகளுக்கு மனசு எளகிருச்சுன்னு நெனச்சு இன்னும் வெவரமாச் சொன்னேன்."

பந்தியே சிரித்தது. மாமா சோற்றில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் அபராதமாக என்ன கொடுத்தார் என்று மெதுவாகக் கேட்டார்.

"செபம் எதுவும் இல்ல மாமா. திங்கக்கிழம எல்லாரும் படம் பாக்குற வரைக்கும் அதப் பத்தி ஒத்த வார்த்த பேசக் கூடாது, அவுக சந்தோசத்தக் கெடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

மரக்கூண்டில் கேட்டதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது குருக்களுக்குச் சட்டம். படத்துக்கு வரவில்லை என்று அவர் நின்றுகொள்ளவும் முடியாது, ஏன் ஃபாதர் என்று மாமா குடைந்தெடுத்திருப்பார். அவரும் எங்களோடு சேர்ந்து அந்த முடிவுக்காகக் காத்திருந்தவர்தான். அந்த ஃபாதர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. கைகழுவப் போன இடத்தில் நான் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றேன். அன்றைக்குப் படம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த வேனில், பாவம் ஃபாதருக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று, அவர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, சின்னமனூர் தாண்டும்வரைக்கும் அந்த முடிவை அவருக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவரும் ஒரு தடவைகூட என்னை நிறுத்தாமல், தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.