உர மூட்டை ஏற்றிய படகு டிரெய்லர்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வெள்ள மீட்புக் குழு ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அவர்களுடைய ஃபைபர் படகுக்கு நான்தான் டிரெய்லர் செய்து கொடுத்தேன். கோயம்புத்தூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. டிராக்டர் டிரெய்லர்தான் வழக்கமான வேலை. படகுக்குச் செய்வது அதுவே முதல் தடவை என்பதால் கூடுதலாகவே பார்த்துச் செய்தேன். துருப் பிடிக்காமலிருக்க, சேஸ் முழுவதையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க அனுப்பினேன். குழாய்களுக்குள் தண்ணீர் தங்காமல் வடிய அடியில் துளை விட்டேன்.

வண்டியை எடுக்க வந்த குழுத் தலைவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரோட்டில் ஓடிச் சூடான சக்கரத்தை உடனே ஆற்றில் இறக்கினால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் ஆறவிட வேண்டும். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸை வழித்துப் புதியது வைக்க வேண்டும்.

அவர் பெரிய வாழைத் தோட்டக்காரர். பேச்சில் அவ்வளவு மரியாதை. "இதெல்லாம் நீங்க சொல்லோணுங்களா அம்மணி? எங்க ஊட்டு மாட்டப் பாத்துக்கறாப்பல பாத்துக்குவமுங்க" என்றார்.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், ஆசையாக வண்டியைப் பார்க்கப் போனேன். குழுவின் கொட்டகையில் படகு சுவரோரம் சாய்ந்திருந்தது. டிரெய்லர் மேல் அவருடைய தோட்டத்துப் பொட்டாஷ் மூட்டைகள். இரண்டு மூட்டை கிழிந்து, உரம் கொட்டி, கூரை ஒழுகலில் கரைந்து, அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குள் இறங்கிச் சேறாக உறைந்திருந்தது. விரலால் வழித்தேன். துத்தநாகம் வெள்ளையாகப் பொரிந்து, அடியில் சிவப்புத் துரு தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, இது மேல உரத்த வெக்கலாமுங்களா?"

"உப்பா வெச்சேன்? உரந்தானுங்க அம்மணி."

"பொட்டாசும் உப்புதானுங்க. கடக்கரக் காத்து பத்து வருசத்துல திங்கறத இது ஒரே மழைல தின்னுபோடும்."

சிரித்தார். எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். மூட்டைகள் இறங்கியது எப்போது தெரியுமா? யாரோ பெரிய மனிதர் குழுவைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தபோது. அன்றைக்கு எனக்கும் அழைப்பு வந்தது. டிரெய்லர் பளபளவென்று நின்றது. துருவைச் சுரண்டாமல், கம்பி பிரஷ் ஒன்று காட்டாமல், பிரைமர் வைக்காமல், மேலேயே வெள்ளிப் பெயிண்ட்டை அடித்திருந்தார்கள். கார் சாவியால் பிராக்கெட்டைக் கீறினேன். பெயிண்ட்டோடு இரும்பும் அப்பளம் போல உதிர்ந்தது.

"அண்ணா, இதை வெட்டியெடுத்துப் புதுசு வெக்கோணுங்க. நானே ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் ரோட்டுல எறக்காதீங்க."

"பங்சன் முடியட்டுமுங்க அம்மணி. இப்பப் போயி கீறிக்கிட்டு…"

விழா முடிந்தது. எப்போது ஆள் அனுப்பட்டும் என்று கேட்டு இரண்டு முறை போன் செய்தேன். சொல்றேனுங்க, சொல்றேனுங்க என்றார். சொல்லவில்லை. மூன்றாவது முறை நான் செய்யவில்லை. அந்தக் கோபம் இன்றும் என்மேலேயே எனக்கு உண்டு.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது. டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியின் டிரைவர். "அக்கா, வண்டி படுத்துருச்சுங்க. பிராக்கெட்டு பிஞ்சு அச்சு ஒருபக்கமாப் போயிருச்சு. ஆத்துக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்குதுங்க. அங்க வெள்ளத்துல ஒரு அம்மா கொழந்தையோட மோட்டார் ரூம்பு மேல நிக்குதுங்க."

"வண்டிய உட்டுப்போட்டுப் படகத் தூக்குங்க! இருக்கற அத்தன பேரும் தூக்குங்க!"

தூக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், முழங்கால் சேற்றில், தோளில் படகோடு நடந்தார்கள். அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். கூரைமேல் ஏற்ற முடியாமல் கீழே கட்டியிருந்த அவளுடைய நான்கு ஆடுகளும், படகு வந்து சேருவதற்குள் வெள்ளத்தில் போய்விட்டன.

மறுநாள் போனேன். நான் இருப்பது தெரியாமல் தலைவர் குழுக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பட்டறை வேல சரியில்லீங்க. பொம்பளைங்க நடத்தற பட்டறை, என்னத்தச் சொல்றது."

டிரைவர் கொண்டுவந்து வெளியே போட்டிருந்த பிய்ந்த பிராக்கெட்டை எடுத்து வந்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன். கையால் தட்டினேன். வெள்ளிப் பெயிண்ட் தகடு தகடாக உதிர்ந்தது. உள்ளே பொட்டாஷ் இன்னும் ஈரமாக இருந்தது.

"இந்தப் பொட்டாசு எந்தப் பட்டறையில போட்டதுங்கண்ணா? சொல்லுங்க."

அவர் போனை எடுத்து வெளியே போய்விட்டார்.

டிரைவர்தான் டிரெய்லரை ஒரு லாரியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தார். அரித்ததை வெட்டியெடுத்து, புதிய பிராக்கெட் வைத்து, மறுபடி துத்தநாகத்தில் முக்கி, பேரிங்கும் கிரீஸும் புதிதாக்கி அனுப்பினேன். கொட்டகைச் சாவி டிரைவர் கையில் இருக்க வேண்டும், படகைத் தவிர ஒரு துரும்பும் அதன்மேல் ஏறக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தலைவரும் கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்காமல்.

இதற்கிடையில் படகைத் தோளில் சுமந்த போட்டோ ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. மனிதநேயம் என்று எழுதியிருந்தார்கள். குழுவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். சுமந்தவர்கள் நல்லவர்கள்தான், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் சக்கரம் இருக்கிற படகை ஏன் சுமக்க நேர்ந்தது என்று அந்த மேடையில் ஒருவர் கேட்கவில்லை. பொன்னாடை தலைவருக்கு. ஆடு இழந்தவளுக்கு அழைப்பே இல்லை.