வீரணன் மழுக்கிய முனைகள்

பந்தல்குடி வீரணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அவர் மரத்தில் வெட்டிய கோடு கோணியதை யாரும் பார்த்ததில்லை.

கூலிக்குக் களை வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். முப்பது வயதில், அருப்புக்கோட்டையில் தனுஷ்கோடி முதலாளியின் துப்பாக்கிப் பழுதுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வயலில் காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கிய சம்சாரிகளின் துப்பாக்கிகள் அங்கே வரும். வியர்த்த கை வழுக்காதபடி, துப்பாக்கிக் கட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டுவது வீரணன் வேலை. அதற்கு இரண்டு வரிசைப் பல் வைத்த ஒரு சிறு அரம். ஒரு வரிசை முன்பு வெட்டிய கோட்டுக்குள் ஓடும். மறு வரிசை பக்கத்தில் அடுத்த கோட்டைக் கீறும். முதல் கோடு பிசகினால் கடைசிக் கோடு வரை பிசகும். வீரணனுக்குப் பிசகியதே இல்லை. கோடுகளுக்கு நடுவே மரம் சின்னச் சின்ன வைரங்களாக முனை நிமிர்ந்து நிற்கும். அந்தக் கூர்மைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

ஒரே மகள் தங்கமாரி. இரண்டு வயதில் போலியோ அவள் கால்களை வாங்கிக்கொண்டது. ஊன்றுகோல்களோடு படித்து, 1991இல் திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்கு உத்தரவு வாங்கினாள். சேர இருபது நாள் இருந்தது. அந்த அலுவலகத்துக்குப் பதினொரு படி.

“நான் தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வாரேன் தாயி.”

“ரிட்டயர் ஆகுற வரைக்கும் தூக்குவீகளாப்பா? மொத நாளே மூட்டை மாதிரி எறக்குனா, அங்க யாரு என்னைய மதிப்பாக? நானா ஏறணும்.”

ஊருணிப் படியில் ஏறிப் பழகினாள். மூன்றாம் படியில், வியர்த்த கை ஊன்றுகோலின் பிடியில் வழுக்கி, முகம் கல்லில் மோத விழுந்தாள். வீரணன் ஓடிப்போய் அள்ளினார். ஊரார் துப்பாக்கிக்கெல்லாம் பிடி வெட்டிய கை, பெற்ற மகள் பிடித்த மொட்டைக் கட்டையை ஒரு நாளாவது தொட்டதா!

அன்றே அரத்தை எடுத்தார். உருண்டைப் பிடியைச் சுற்றிப் போன கோடுகள், புறப்பட்ட இடத்திலேயே மயிரிழை தப்பாமல் வந்து சேர்ந்தன. தங்கமாரி வழுக்காமல் ஏறினாள்.

நான்காம் நாள் அவள் கரண்டியால் சோறு தின்பதைப் பார்த்து, தாய் முத்துத்தாய் அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்து, வைரம் வைரமாக ரத்தம்.

“ஏன் தாயி சொல்லல?” என்றார் வீரணன்.

“நீங்க வெட்டுனது அம்புட்டு அழகா இருந்துச்சுப்பா.”

மறுநாள் கடையில், ஊன்றுகோல் பிடிகளின் அந்த முனைகளை வீரணன் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தனுஷ்கோடி பதறினார்.

“ஏலே வீரணா, கிறுக்குப் புடிச்சிருச்சா? முள்ளு மாதிரி நின்னாத்தானடா அது உன் வேலை!”

“துப்பாக்கிய வருசத்துக்கு நாலு தடவ தூக்குவாக மொதலாளி. இத எம்மக நாளெல்லாம் புடிக்கணும்.”

முனை போகவும் வேண்டும், பிடி போகவும் கூடாது. தேய்த்துத் தேய்த்துத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். அந்த உழைத்த கை காய்த்துப்போயிருந்தது. அதற்கு எதுவும் உறைக்கவில்லை. கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குத்தாதபோதுதான் நிறுத்தினார்.

மகளின் கை ஆறியது. சேரும் நாளும் வந்தது. படிக்குக் கீழே வீரணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாம் படியில் தங்கமாரி நின்றுவிட்டாள். நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது. முத்துத்தாய் ஓடப் பார்த்தாள். வீரணன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மேலிருந்து பியூன் இறங்கி வந்தார். “நான் புடிக்கட்டுமாம்மா?”

“வேண்டாம்ணே. வழுக்காது. எங்கப்பா வேலை.”

ஏழு. எட்டு. பதினொன்றாம் படியில் இரண்டு ஊன்றுகோலும் ஊன்றிய சத்தம் கீழே வரை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள், கையெழுத்துப் போட.

மாலை பஸ்ஸில் வந்திறங்கி வீடு சேர்ந்த மகளின் உள்ளங்கைகளை வீரணன் விரித்துப் பார்த்தார். சிவந்திருந்தன, கிழியவில்லை. “போயி சாப்புடு தாயி” என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.